அந்தப் பாட்டு யாருக்குன்னு கோவலன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்: சிலப்பதிகாரம் கேள்வி பதில்

வணக்கம். ஸ்கூல்ல தமிழ் எடுத்து ரிட்டையர் ஆனவ நான். காதல்ல அவசரப்பட்டு எடுத்த முடிவுகளை வச்சு சிலப்பதிகாரத்துல என்ன வேணா கேளுங்கன்னு சொன்னேன், நிறையவே கேட்டிருக்கீங்க, முடிஞ்ச வரைக்கும் எழுதறேன்.

கேள்வி (காலேஜ் மாணவி): டீச்சர், எல்லாம் ஊழ்வினைன்னு இளங்கோவடிகளே சொல்லிட்டாரு, அப்புறம் கோவலனை எதுக்கு குறை சொல்லணும்?

சொல்றாரு மா, யாழிசைமேல வச்சு ஊழ்வினை வந்து உருத்ததுன்னு. ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததை ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்காரே, அதைப் படி. இந்திர விழா நேரம், புகார் கடற்கரை, புன்னை மர நிழல், கோவலனும் மாதவியும் சந்தோஷமா உக்காந்திருக்காங்க. கோவலன் யாழை வாங்கி காவிரியையும் கடற்கரையையும் வச்சு பாடறான். இவன் மனசுல வேற யாரோ இருக்காளோன்னு மாதவிக்கு சந்தேகம் வருது, கேக்காம யாழை வாங்கி அவளும் வேற ஒருத்தனை நினைச்ச மாதிரி பாடறா. மூலத்துல "தானும் ஓர் குறிப்பினள் போல்"னு இருக்கும். இந்த "போல்" இருக்கு பாரு, நான் கிளாஸ்ல ஒரு பீரியட் முழுக்க இதுலயே நிப்பேன். அவ மனசுல வேற யாரும் இல்ல, இருக்கற மாதிரி பாடினா, அவ்ளோதான். அவன் மாயப்பொய் பேசற மாயத்தாள்னு முடிவு கட்டி எழுந்து போயிட்டான். கைக்குழந்தை மணிமேகலை இருக்கா, அது கூட ஞாபகம் வரல. இவனுக்கு எடுத்ததுக்கெல்லாம் அவசரம்தான், மாதவி அரங்கேற்றம் முடிஞ்சதும் தெருவுல கூனி வித்துக்கிட்டு நின்ன மாலையை 1008 கழஞ்சு பொன் குடுத்து வாங்கி, வீட்டையே மறந்து அங்கேயே தங்கிட்டவன்தானே.

கேள்வி (பேர் வேண்டாம்னு ஒரு தம்பி): என் லவ்வர் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல ஒரு பாட்டு வச்சா, வேற பையனுக்குன்னு நினைச்சு பிளாக் பண்ணிட்டேன். மூணு மாசம் ஆச்சு. இது எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னு தெரியல.

எனக்குத் தெரியுது தம்பி. நீ அவகிட்ட ஒண்ணும் கேக்கல, இல்ல? மாதவி தாழை மடல்ல எழுதி தோழி வசந்தமாலை கையில குடுத்து அனுப்பினா, கோவலன் வாங்கவே இல்ல, திருப்பி அனுப்பிட்டான். பிளாக் பண்றதும் அதேதான்பா. இன்னிக்கே எடுத்து விடு. நேரா கேளு, அவ வேண்டாம்னு சொன்னா சண்டை போடாம ஒதுங்கிடு. தூக்கம் வராம, உயிர் வாழ பிடிக்காத மாதிரி நினைப்பு வந்தா மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணு, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. அப்படியே வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லு.

கேள்வி: கண்ணகி ஏன் தடுக்கல?

அவன் திரும்பி வந்ததும் மாதவிக்கு குடுக்க பொருள் இல்லாமதான் முகம் வாடியிருக்குன்னு நினைச்சு "சிலம்பு உள கொண்ம்"னா, சிலம்பு இருக்கு எடுத்துக்கோங்கன்னு அர்த்தம். அவன் வெக்கப்பட்டு, இதை முதலா வச்சு மதுரையில சம்பாதிக்கப் போறேன், நீயும் வான்னான். விடியறதுக்கு முன்னாடி கிளம்பிட்டாங்க. புகார்லயே பெரிய வணிகர் மாசாத்துவான், சொந்த அப்பா, அவர்கிட்ட கூட சொல்லல. எனக்கு கண்ணகி மேல கோபமே வராது, 12 வயசுல கல்யாணம் ஆன பொண்ணு, புருஷன் திரும்பி வந்ததே அவளுக்குப் பெருசு.

கேள்வி: பாண்டியன் தப்பு அரசியல் தப்புதானே மேடம், அதுல காதல் எங்க வந்துச்சு?

அதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. ராஜா நாட்டியம் பாத்து மயங்கறான்னு கோப்பெருந்தேவிக்கு ஊடல், தலைவலின்னு சொல்லி எழுந்து போயிட்டா. அவளை சமாதானம் பண்ண அவசரமா போறப்பதான் வாசல்ல பொற்கொல்லன் மடக்கி, சிலம்பு விக்க வந்த கோவலனைக் கள்வன்னு சொல்றான், அரசி சிலம்பைத் திருடினவனே அந்தப் பொற்கொல்லன்தான். நின்னு விசாரிக்க ராஜாவுக்கு நேரமில்ல, "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு"ன்னுட்டான். போன காவலர்ல சிலர் கோவலனைப் பாத்தா கள்வன் மாதிரி இல்லயேன்னு தயங்கினாங்க, அதுக்குள்ள குடிச்சிருந்த ஒருத்தன் வாளை வீசிட்டான். அரசி சிலம்புல முத்து, கண்ணகி சிலம்புல மாணிக்கம், உடைச்சுப் பாக்க எவ்ளோ நேரம் ஆகும் சொல்லுங்க?

கேள்வி: இதுல எத்தனை பேர் செத்தாங்க?

கோவலன், பாண்டியன், கோப்பெருந்தேவி. மதுரை எரிஞ்சதுல எத்தனையோ பேர். அடைக்கலம் குடுத்த மாதரி தீயில விழுந்துட்டா, வழித்துணையா வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாம உயிர் விட்டாங்க, கோவலன் கண்ணகி ரெண்டு பேரோட அம்மாவும் சேதி கேட்டே போயிட்டாங்க. கொற்கையில இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குன்னு ஒரே பகல்ல ஆயிரம் பொற்கொல்லரை பலி குடுத்தான், அந்த ஆயிரம் பேருக்கும் கடற்கரையில ரெண்டு பேரும் பாடின கானல்வரிப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்த இடம் வந்தா இப்பவும் புஸ்தகத்தை மூடி வச்சிடுவேன்.

கேள்வி: கோவலன் கடைசி வரைக்கும் மாதவியை தப்பாவே நினைச்சுட்டு செத்தானா?

இல்லப்பா. மதுரைக்குப் போற வழியில கோசிகன்ங்கிற அந்தணர் மாதவியோட ரெண்டாவது கடிதத்தைக் கொண்டு வந்து குடுத்தாரு. பெரியவங்ககிட்ட கூட சொல்லாம ராத்திரியோட போற அளவுக்கு நான் என்ன பிழை செஞ்சேன்னே தெரியலன்னு எழுதியிருந்தா. படிச்சான். தப்பு அவ மேல இல்ல, தன் மேலதான்னு அங்கதான் புரிஞ்சுது. அந்த வார்த்தைங்க தன்னைப் பெத்தவங்களுக்கும் பொருந்துதேன்னு அதே ஓலையைக் கோசிகன்கிட்டயே குடுத்து அப்பா அம்மாகிட்ட சேக்கச் சொன்னான். மாதவிக்கு பதில் எழுதல. மதுரை கிட்ட வந்துடுச்சு.