மலேரியா ஒட்டுண்ணியும் அதன் நொதியங்களும்: கேள்வி பதில்

திருகோணமலையில் ஆய்வுகூடத்தில் மலேரியா சிலைட் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

உயர்தர மாணவி, நிலாவெளி: சேர், நொதியம் என்றால் சமிபாடுதான் ஞாபகம் வருது. செங்குழியத்துக்குள்ள நுழைய ஒட்டுண்ணிக்கு அது எதுக்கு?

வெட்டத்தான் மகள். ஒட்டுண்ணி முதலில் தன் மேற்பரப்புப் புரதங்களால் செங்குழியத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு கூர்முனையைத் திருப்பி, கலமென்சவ்வில் தானே செருகிய ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளிக்கொண்டு போகும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: ஒட்டிய பிடி ஒட்டியபடியே இருந்தால் அதால் நகர முடியாது. கட்டின கயிறு அவிழாமல் வள்ளம் போகுமா? ரோம்4, சப்2 என்ற நொதியங்கள் அந்தப் பிடிகளை வெட்டிவிடுகின்றன. நுழைவு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெளியே நிற்கிற நேரம் அவ்வளவு குறைவு என்பதால் பிறபொருளெதிரிகளுக்கும் அதைப் பிடிக்க அவகாசம் கிடைப்பதில்லை.

ஆசிரியர், மூதூர்: ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வருவதற்கும் நொதியத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஃபல்சிபாரம், விவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகைகள் இரண்டும் செங்குழியத்துக்குள் பெருக ஏறத்தாழ 48 மணித்தியாலம் எடுக்கும். ஃபல்சிபாரத்தில் பெருகி முடிந்ததும் சப்1 என்ற நொதியம் வெளிவிடப்படும். அது செரா6 என்ற இன்னொரு நொதியத்தைத் தூண்ட, செரா6 செங்குழியத்தைத் தாங்கும் ஸ்பெக்ட்ரின் வலையை வெட்ட, கலம் வெடிக்கும். இப்படிக் கூட்டமாக வெடித்துக் கழிவுகள் இரத்தத்தில் கொட்டுப்படும்போதுதான் நடுக்கம் வருகிறது. ஆனால் ஃபல்சிபாரத்தில் இந்த ஒழுங்கு பலவேளை தெரியாது. "நாள்விட்டு வரேல்லை, அப்ப மலேரியா இல்லை" என்று தயவுசெய்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

ஃபாமசி உதவியாளர், கிண்ணியா: குளோரோகுயின் எந்த நொதியத்தை நிறுத்துது?

இந்த மலேரியா மருந்து நேரடியாக எதையும் நிறுத்துவதில்லை. ஒட்டுண்ணி பிளாஸ்மெப்சின், ஃபால்சிபெயின் நொதியங்களால் ஈமோகுளோபினை வெட்டித் தின்னும். மிஞ்சுகிற ஹீம், அதாவது ஈமோகுளோபினின் இரும்புள்ள பகுதி, அதற்கே நஞ்சு, ஆகவே பளிங்காக்கி ஒதுக்கிவிடும். முற்றிய ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஜீம்சா சாயத்தின் நீலத்துக்கு நடுவில் பொன்கலந்த கபிலக் குவியல் ஒன்று தெரியும். அந்தப் பளிங்குதான் அது. குளோரோகுயின் பளிங்காவதைத் தடுக்க, தின்ற சாப்பாடே ஒட்டுண்ணியைக் கொல்லும்.

ஒரு தாய், தம்பலகாமம்: பிரைமாகுயின் தர முதல் ஏன் இரத்தம் சோதிக்கினம்?

அது எங்களுடைய நொதியத்தைப் பார்க்க, அம்மா. ஜீ6பிடி என்ற அந்த நொதியம் குறைந்தவர்களுக்கு இந்த மருந்தால் செங்குழியங்கள் உடையும்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: நாட்டில மலேரியா இல்லைதானே? ஆபிரிக்காவால வந்த தம்பிக்குக் காய்ச்சல். டெங்கு மட்டும் பார்த்தா காணாதா?

காணாது. 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது, எல்லாம் உண்மை. ஆனால் நுளம்பு எங்கேயும் போகவில்லை. 2018இல் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் தொற்று இங்குள்ள ஒருவருக்குப் பரவியது. ஃபல்சிபாரம் பிந்தினால் மூளையையும் தாக்கும். தம்பியை இன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எந்த நாட்டால் வந்தவர், எப்போது வந்தவர் என்பதை டொக்டர் கேட்கும்வரை இருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.