1794-ஆ, 1804-ஆ?

மகளின் கட்டுரைக்காக, அப்போது பிரான்சின் காலனியாக இருந்த கரீபியத் தீவுப்பகுதியான ஹைட்டியில் அடிமைமுறை ஒழிந்தது 1794-ஆ 1804-ஆ என்று கேட்டிருந்தீர்கள். 1804 ஜனவரி 1, ஹைட்டியின் படைத்தலைவர் தெசலின் நாட்டு விடுதலையை அறிவித்த நாள். அடிமைமுறை அதற்கு முன்பே போய்விட்டது. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தவர்கள் அடிமைகளேதான். அந்த நெருக்கடியில்தான் பிரெஞ்சு ஆணையர் சோந்தோனா 1793 ஆகஸ்ட் 29 அன்று வடக்கில் அடிமைகளை விடுவித்தார். பாரிஸ் அதைச் சட்டமாக்கியது 1794 பிப்ரவரியில். ஆகவே 'பிரான்ஸ் கொடுத்தது' என்று மட்டும் எழுத விடாதீர்கள்.

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒன்று: 1802-இல் இன்னொரு பிரெஞ்சுக் கரீபியத் தீவான குவாதலூப்பில் நெப்போலியன் ஆட்சி அடிமைமுறையை மீண்டும் கொண்டுவந்தது. அந்தச் செய்தி எட்டிய சில மாதங்களில், அதுவரை பிரெஞ்சுப் படையோடு நின்ற தெசலினே அணி மாறினார். 1804-க்கு வழி அங்கேதான் திறந்தது.