வாசகர் கேள்வி பதில்: மெனோனைட் ஓடாவியும் ஆணியில்லாக் களஞ்சியமும்

கேள்வி: மெனோனைட்டார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லையாமே, ஏன்?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

கொடுப்பதில்லை. மெனோனைட்டார் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். விசுவாசத்தை அவரவர் தம் வாயால் அறிக்கையிடவேண்டும், தொட்டில் பிள்ளைக்காகத் தாய்தகப்பன் சொல்வது செல்லாது என்பது அவர்கள் கட்சி. 1525 ஜனவரி 21 அன்று சூரிச்சில் கொன்ராட் கிரேபெல், வளர்ந்த மனிதரான ஜோர்ஜ் பிளவுரொக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்ததில் தொடங்கியது இது. இரண்டு வருடத்துக்குள், இதற்காகவே, அவர்களின் தோழர் பீலிக்ஸ் மான்ஸை அங்கேயே லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். மெனோ சைமன்ஸ் 1536இல் கத்தோலிக்க சபையை விட்டு வந்த நெதர்லாந்துக் குரு. தொடக்கியவர் அவரல்ல, பெயர்தான் அவருடையது. பல சபைகளில் குழந்தையைச் சபை முன் கொண்டுவந்து ஜெபிப்பார்கள். தண்ணீர், பிள்ளை வளர்ந்து தானாகக் கேட்கும்போதுதான்.

கேள்வி: ஒரே நாளில் ஆணியே இல்லாமல் களஞ்சியம் எழுப்புகிறார்களாம். பின்வளவில் ஒரு கொட்டிலை அப்படிப் போடலாமா?
(வாசகர், வெள்ளவத்தை)

போடலாம், ஆனால் ஒரு நாளில் அல்ல. அந்த ஒரு நாள் சட்டங்களைத் தூக்கி நிறுத்தும் நாள். அத்திவாரமும் மரம் அறுப்பதும் துளை பொளிவதும் அதற்கு முன்பே வாரக்கணக்கில் நடந்து முடிந்திருக்கும். இன்று இதைப் பெரிதும் செய்வோர் 1693இல் இதே மரபிலிருந்து பிரிந்த ஆமிஷ்காரரும் பழைமைவாத மெனோனைட்டாரும். மற்ற மெனோனைட் கட்டடக்காரர் நம்மைப்போல மின்வாளும் ஆணியும்தான்.

இரகசியம் மூட்டில் இருக்கிறது. 8 அங்குலத் தூணென்றால் கழுந்து (துளைக்குள் செருகும் நாக்கு) 2 அங்குலத் தடிப்பு, 4 அங்குல நீளம். துளையை அதைவிடக் கால் அங்குலம் ஆழமாகப் பொளியுங்கள். இல்லாவிட்டால் கழுந்து அடியில் முட்டி, தோள் (கழுந்தைச் சுற்றியுள்ள படி) ஒட்டாமல் இடைவெளி நிற்கும். இரும்பாணிக்குப் பதிலாக அடிக்கும் மர ஆணிக்கு 1 அங்குலத் துளை. கழுந்தில் போடும் துளையை மட்டும் தோள் பக்கமாக அரைக்கால் அங்குலம் தள்ளிப் போடவேண்டும். நுனி கூராக்கிய ஆணியை அடிக்கும்போது மூட்டு தானாக உள்ளே இழுபடும். தள்ளுவது கூடினால் ஆணி முறியும். ஆணிக்குரிய கட்டையை வாளால் அறுக்கவேண்டாம், இழைவழியே பிளந்து செதுக்குங்கள். அறுத்தால் இழை குறுக்கே வெட்டுப்பட்டு அங்கேயே உடையும். அவர்கள் ஓக் பாவிப்பார்கள். இங்கே நேரிழையுள்ள, நன்றாகக் காய்ந்த எந்தக் கடின மரமும் போதும். தூண் சற்று ஈரமாக இருக்கலாம், ஆணி ஈரமாக இருக்கக்கூடாது.

மூலைக்குக் கைத்தாங்கு (தூணையும் விட்டத்தையும் சாய்வாக இணைக்கும் கட்டை) இல்லாமல் சட்டத்தை நிறுத்தவே வேண்டாம். தூணிலும் விட்டத்திலும் 3 அடி குறித்தால், தாங்கு தோளுக்குத் தோள் 4 அடி 3 அங்குலத்துக்குச் சற்றே குறைவாக வரும். தளத்தில் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்; அரை அங்குலம் வித்தியாசமென்றால் கடைசிச் சட்டம் சேராது. கொழும்பு ஈரத்துக்கும் கறையானுக்கும் தூணை மண்ணில் நடாமல் கொங்கிறீட் கட்டையில் ஏற்றுங்கள்.

கேள்வி: சத்தியம் செய்யமாட்டார்களாம். பிறகு ஒப்பந்தம், வழக்கு?
(வாசகர், புறக்கோட்டை)

மத்தேயு 5:37ஐ எழுத்துக்கு எழுத்து பிடிப்பவர்கள்: உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லவேண்டும், அதற்குமேல் ஆணை கூடாது. இவர்களின் முன்னோர் வகுத்த 1527இன் ஷ்லைட்ஹைம் விசுவாச அறிக்கையிலேயே இது உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தடையில்லை. நீதிமன்றத்தில் ஆணையிடாமல் உறுதிமொழி கூறுவார்கள். நம்மூர் சத்தியக்கடதாசியில் இந்துக்கள் சத்தியம் செய்யாமல் உறுதிமொழிவதாக எழுதுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடுதான்.

கேள்வி: மேசன் வேலை செய்பவர் அவர்களிடம் பாதிரியாக முடியுமா?
(வாசகர், தெமட்டகொடை)

பழைமைவாத சபைகளில் முடியும். ஊழியத்துக்கெனச் சபையார் பெயர் சொன்னவர்களின் எண்ணிக்கைக்கு ஒரேமாதிரிப் புத்தகங்கள் வைத்து, ஒன்றில் மட்டும் சீட்டை ஒளிப்பார்கள். ஆளுக்கொன்று எடுப்பார்கள். சீட்டு யார் புத்தகத்தில் இருக்கிறதோ அவரே ஊழியர். பொதுவாகச் சம்பளமில்லை, சாந்துக்கரண்டியைக் கீழே வைக்க முடியாது.