காட்டாமணக்கை யார் வாங்கினார்கள்?

அன்புள்ள ஐயா,

ரங்கூனில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தியாவில் கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்து பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். பர்மாவில் நிலமும் மழையும் தாராளம். அரசாங்கம் மனசு வைத்துப் பணம் ஒதுக்கினால் வெளிநாட்டு எண்ணெயை நம்ப வேண்டியதில்லையே? ஏன் யாரும் முயற்சி செய்யவில்லை?

க., சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

முயற்சி செய்தார்கள். நாடு முழுக்கச் செய்தார்கள். என் வீட்டு வேலி ஓரத்தில் நானும் செய்தேன்.

2005 அக்டோபரில் ஒரு காலை, கேலன் 180 கியாட்டாக (பர்மிய நாணயம்) இருந்த பெட்ரோலின் அரசு விலை 1,500 ஆகியிருந்தது. அந்த டிசம்பரிலேயே இராணுவ அரசின் உத்தரவு வந்தது: காட்டாமணக்கு நடுங்கள். ஒவ்வொரு மாநிலமும் பிரிவும் மூன்று ஆண்டில் 5 லட்சம் ஏக்கர். அதன் விதையிலிருந்து டீசல் எடுத்து இறக்குமதியைக் குறைப்பதாகத் திட்டம்.

எங்கள் வார்டுக்காரர் ஒரு நாள் மாலை கன்றுக் கட்டோடு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்கு இத்தனை என்று கணக்கு, அதற்குக் காசும் நாமே தர வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் காம்பை ஒடித்து, அந்தப் பாலை ஊதிக் குமிழி விட்ட செடி அது. ஆடுகூட வாய் வைக்காது. சிரிப்பை அடக்கிக்கொண்டு காசைக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. ரோட்டோரம், பள்ளிக்கூட வாசல், மயானத்து மதில் என்று எங்கே பார்த்தாலும் அதே செடி. பர்மியப் பேச்சில் அதற்கு 'செட்சூ' என்று பேர். திருப்பிச் சொன்னால் 'சூ சீ' மாதிரி ஒலிக்கும். அப்போது வீட்டுக்காவலில் இருந்த எதிர்க்கட்சித் தலைவி ஆங் சான் சூ சீயின் ராசியைக் கட்ட யாரோ ஜோசியர் சொன்ன பரிகாரம் என்று டீக்கடைகளில் கிசுகிசுத்தார்கள். அது வதந்திதான். ஆனால் உத்தரவுக்கு அதைவிடப் பொருத்தமான காரணம் யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சரி, செடி வளர்ந்தது, காய்த்தது. வேர்க்கடலை என்று நினைத்துப் பிள்ளைகள் கொறித்துவிட்டு வாந்தி எடுத்தார்கள். நான் காயை உடைத்து, கறுப்பு விதைகளை ஒரு சாக்கில் சேர்த்தேன். அப்புறம்? எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வாங்குகிறவர் யார், ஒரு விசு (பர்மிய எடை, சுமார் 1.6 கிலோ) என்ன விலை? வார்டுக்காரருக்கும் தெரியவில்லை. சாக்கு மாடிப்படிக்கு அடியில் கிடந்து பூஞ்சை பிடித்தது.

செக்கில் ஆட்டினால் எண்ணெய் வரும், ஆனால் கொழகொழவென்று இருக்கும். மெத்தனாலும் காரமும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து எடுத்தால்தான் ஒழுங்கான டீசல். அதற்கு ஆலை வேண்டும், மெத்தனால் வேண்டும், விதை கொள்முதல் வேண்டும். உத்தரவு செடியோடு நின்றுவிட்டது. சில ஊர்களில் உழவு மெஷினில் அப்படியே ஊற்றிப் பார்த்தார்கள், எண்ணெயைப் பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். நெல் விளைந்த நிலத்தைப் பிடுங்கி இதை நட்ட இடங்களும் உண்டு.

நீங்கள் சொல்கிற பண ஒதுக்கீட்டை நான் மறுக்கவில்லை. அது எந்த முனையில் நிற்கிறது என்றுதான் பார்க்கிறேன். பிரேசில் 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியபோது ஆலைகளுக்கு மலிவுக் கடன் கொடுத்தது. அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸை வாங்க வைத்தது. இந்தியாவிலும் எத்தனாலுக்கு விலை வைத்து எண்ணெய் நிறுவனங்கள் வாங்குகின்றன. இங்கே தலைகீழ்: உத்தரவு அரசாங்கத்தினுடையது, காசு, நிலம், உழைப்பு எல்லாம் எங்களுடையவை.

இத்தனைக்கும் பர்மா எண்ணெய் விற்ற நாடு. எங்கள் யாடனா கடல் வயலின் எரிவாயு 1998 முதல் குழாய் வழியாகத் தாய்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2004 வாக்கில் ரங்கூன் பஸ்களை டீசலிலிருந்து சிஎன்ஜிக்கு (அழுத்தி அடைத்த எரிவாயு) மாற்றினார்கள். என் மச்சானும் கடன் வாங்கித் ஆள் ஏற்றும் தன் லைன் காருக்கு சிலிண்டர் பொருத்தினார். 2007 ஆகஸ்ட் 15 அன்று டீசல் விலை இரண்டு மடங்கு ஆனது, சிஎன்ஜி ஐந்து மடங்கு. டீசலை விட்டுவிட்டு வந்த மச்சானுக்கு என்ன சொல்லி ஆறுதல் சொல்ல? பஸ் காசுக்கு வழியில்லாமல் ஜனங்கள் வேலைக்கு நடந்து போனார்கள். அடுத்த மாதம் பிக்குகள் தெருவுக்கு வந்ததை உலகமே பார்த்தது.

2022 கடைசியில் மின்சாரக் காருக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள். எங்கள் தெருவிலும் ஒன்று வந்திருக்கிறது. நல்ல கார், சத்தமே இல்லை. அதன் சொந்தக்காரர் நடுராத்திரி ஒரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கரண்ட் வந்திருக்கிறதா என்று பார்த்து வயரைச் சொருகுகிறார்.

சேலத்துப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள் இருப்பார்களே. எத்தனால் ஆலைக்குப் போகிற சோளத்துக்கு அவர்கள் கையில் என்ன விலை கிடைக்கிறது, எத்தனை நாளில் பணம் வருகிறது என்று விசாரித்து எழுதுங்கள்.