கணினி விழிக்கும் சில நொடிகள்: தொடக்கத் திரை பற்றிய கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து ஒரு மாணவி: அண்ணா, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் தொடங்கும்போது எழுத்துகள் மளமளவென்று ஓடுகின்றன. நடுவில் இரண்டு முறை திரை கறுத்துப் போகிறது. நல்ல படம் ஒன்று சொல்லுங்கள்.

தங்கச்சி, படத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கறுப்பை நிறுத்துங்கள். கணினித் தயாரிப்பாளரின் சின்னம், இயங்குதளத்தைத் தேர்ந்து தொடக்கிவிடும் கிரப், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருநிரல், தொடக்கப் படத்தைக் காட்டும் பிளைமவுத், உள்நுழைவுத் திரை என்று திரை ஐந்து கை மாறுகிறது. ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்குப் பிரிதிறனையும் நிறத்தையும் மாற்றினால் திரை வெட்டத்தான் செய்யும். கிரப் அமைப்புக் கோப்பில் காட்சி அளவை உங்கள் திரையின் சொந்த அளவாக, 1920×1080 என்றால் அப்படியே, எழுதுங்கள். கருநிரலுக்குப் போகும் வரியில் செய்திகளை அடக்கும் 'குவயட்', தொடக்கப் படத்தைக் காட்டச் சொல்லும் 'ஸ்பிளாஷ்' இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சேமித்ததும் கிரப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை மறக்க வேண்டாம். பிறகு கிரப்புக்கும் பிளைமவுத்துக்கும் உள்நுழைவுத் திரைக்கும் ஒரே பின்னணி நிறத்தைக் கொடுங்கள். பாதி வேலை அதோடு முடிந்துவிடும்.

நெல்லியடியிலிருந்து ஓர் ஆசிரியர்: தம்பி, கிரப் பட்டியலில் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினேன். எழுத்து உடைந்து வருகிறது. எழுத்துருவில் பிழையா?

எழுத்துருவில் பிழையில்லை, ஐயா. 'நெ' என்று எழுதும்போது கணினி முதலில் 'ந'வையும் அடுத்து ஒற்றைக் கொம்பையும் சேமிக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருவது எழுத்துக் கோக்கும் மென்பொருளின் வேலை. கிரப்பில் தமிழுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் இதே கோலத்தைப் பார்த்தேன்: 'ந' தனியே நிற்க, கொம்பு அதன் பின்னால் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் தினமும் பார்க்கும் திரையில் தமிழ் அப்படி நிற்கக் கூடாது.

பிளைமவுத், பாங்கோ என்ற எழுத்துக் கோக்கும் மென்பொருள் வழியாகத் தமிழைச் சரியாகக் கோக்கும். ஆனால் தமிழ் எழுத்துரு, தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் பொதிக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் வெறுங்கட்டங்கள்தான். ஆகவே நான் பெயரை இங்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி, அதையே கிரப், பிளைமவுத் இரண்டு இடத்திலும் வைக்கிறேன். படத்தைத் திரை முழுவதும் இழுக்காதீர்கள். 1024×768 புரொஜெக்டரில் 'ழ' ஒடுங்கிப்போகும். விகிதம் மாறாமல் நடுவில் வையுங்கள்.

கொக்குவிலிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்: அண்ணா, குத்துவிளக்குச் சுடர் அசைவதுபோல் முழுத்திரையில் 120 படங்கள் வரைந்தேன். கணினி முன்பைவிட மெதுவாகத் தொடங்குகிறது.

தம்பி, உழைப்பு வீண்போகவில்லை, வழியை மட்டும் மாற்றுங்கள். கோப்பு சிறிதாக இருந்தாலும் நினைவகத்தில் விரியும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வேண்டும். 1920×1080 படம் ஒன்றுக்கே 8 மெகாபைட்டுக்கு மேல். 120 படங்களுக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்! விளக்கை ஒரு படமாகவும் சுடரின் ஒளிவட்டத்தைச் சிறிய இன்னொரு படமாகவும் பிரியுங்கள். பிளைமவுத்தின் ஸ்கிரிப்ட் முறை நொடிக்கு 50 தடவை வரை நீங்கள் எழுதிய செயற்கூறை (நிரல் துண்டை) அழைக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் ஒளிவட்டத்தின் ஒளிபுகுதன்மையைச் சற்றே கூட்டிக் குறைத்தால் போதும். உண்மையான சுடரும் மெல்லத்தானே அசைகிறது.

சாவகச்சேரியிலிருந்து ஒருவர்: இணையத்தில் எடுத்த பிளைமவுத் அலங்காரத்தை (தீம்) போட்டேன். படம் வந்து அப்படியே நிற்கிறது. என் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டது.

எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பின்னால் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்கும். கடவுச்சொல் கேட்கும்போது என்ன வரைய வேண்டும் என்பதை அலங்காரம் செய்தவர் எழுதாமல் விட்டிருக்கிறார். அத்தகைய அலங்காரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வன்தட்டுச் சோதனைச் செய்தியும் அதேபோல் மறைந்துவிடும். மின்வெட்டில் அணைந்த கணினியில் அந்தச் செய்தி மிக அவசியம்.

மானிப்பாயிலிருந்து ஒரு மாணவி: என் மடிக்கணினியில் ஃபெடோரா என்ற லினக்ஸ் தொடங்கும்போது தயாரிப்பாளரின் சின்னமே நிற்கிறது, கீழே சிறு வட்டம் சுழல்கிறது. பிளைமவுத் வேலை செய்யவில்லையா?

அதுவே பிளைமவுத்தின் வேலைதான், தங்கச்சி. 2008 இல் ஃபெடோரா 10 உடன் வந்தபோது அது தன் சொந்தப் படத்தைக் காட்டியது. 2019 இல் வந்த ஃபெடோரா 30 முதல், கணினியின் தொடக்க நிலைபொருளான யுஇஎஃப்ஐ ஒப்படைக்கும் சின்னத்தையே இருந்த இடத்தில் வைத்துக்கொள்கிறது. பொருந்தும் வன்பொருளில் திரை ஒரு முறைகூட வெட்டுவதில்லை. நான் பார்த்தவற்றில் மிக நேர்த்தியானது இதுதான். மாற்றியே ஆகவேண்டுமென்றால் முதலில், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியில் போட்டுப் பாருங்கள்.