உச்சிக்குப் போய்வர ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போய்வர 14 கிலோமீட்டர்தான். சமதரையில் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவோம். காலை 10 மணிக்குக் கிளம்பினால் போதாதா?

பதில்: போதாது. மலையில் நேரத்தை விழுங்குவது தூரத்தைவிட ஏற்றம்தான். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். கிளம்பும் இடத்திலிருந்து உச்சி 900 மீட்டர் உயரம் என்று வையுங்கள். தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. ஆக 4 மணி 18 நிமிடம். இதுவும் பழகிய கால்கள் எங்கும் உட்காராமல் நடந்தால்தான். பழக்கமில்லாதவர்கள் இதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய ஆறரை மணி நேரம். சாப்பிட, மூச்சு வாங்க, போட்டோ எடுக்க ஒரு மணி. மொத்தம் ஏழரை.

இனி மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 6 மணிக்கு இருட்டும் என்றால் 4 மணிக்கே அடிவாரத்தில் இருக்க வேண்டும். மிச்சமுள்ள இரண்டு மணி சுளுக்குக்கும் வழி தவறுவதற்கும். அப்படிப் பார்த்தால் காலை 8.30-தான் கடைசி, 7 மணிக்கே நடக்கத் தொடங்குவது உத்தமம். பல மலைகளில் மதியத்துக்கு மேல்தான் மேகம் திரண்டு இடி மின்னல் வரும்.

திரும்பும் நேரத்தையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். இந்தக் கணக்குக்கு 1 மணி சரி. அப்போது உச்சி கூப்பிடு தூரத்தில் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். அந்த இடத்தில் நின்று யோசித்தால் யாருக்கும் திரும்ப மனசு வராது, அதனால்தான் முன்கூட்டியே முடிவு. இறக்கம் சீக்கிரம் முடியும் என்றும் நம்ப வேண்டாம். செங்குத்தான சரளைப் பாதையில் இறங்க, ஏறிய நேரமே ஆகலாம். குழுவாகப் போனால் கணக்கு எப்போதும் மெதுவாக நடப்பவருடையது.

கேள்வி: வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு நூலைப் பாதையின் வளைவுகள் மேல் ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. நூல் ஒரு கிலோமீட்டர். ஸ்கேலை நேராக வைத்து அளப்பவர்களுக்குத் தூரம் எப்போதும் குறைவாகவே வரும்.

அடுத்து சம உயரக்கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு குறைவு. கீழே நெருக்கமாகவும் மேலே விலகியும் இருந்தால் உஷார், அது குவிந்த சரிவு. ஏறும்போது ‘அதோ உச்சி’ என்று ஒரு விளிம்பு தெரியும். போய்ப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னும் மலை இருக்கும். இறங்கும்போது இதைவிட மோசம்: காலடிக்குக் கீழே செங்குத்தாவது கண்ணில் படாது. இன்னொன்று, அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்றால் 15 மீட்டர்ப் பாறைச்சுவர் ஒன்று எந்தக் கோட்டிலும் தெரியாமல் ஒளிந்திருக்கலாம்.

கேள்வி: அடிவாரத்தில் வெயில் கொளுத்துகிறது. ஸ்வெட்டர் வீண் சுமைதானே?

பதில்: இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதோடு உச்சிக் காற்று, வியர்வையில் நனைந்த சட்டை. பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் நனைந்தால் கனமும் சேரும். சட்டென்று காயும் செயற்கை இழைச் சட்டை, ஒரு கம்பளி ஸ்வெட்டர், காற்றும் மழையும் புகாத மேலங்கி போதும். உச்சியில் உட்காருவதற்கு முன்பே கம்பளியைப் போடுங்கள், நடுங்கிய பிறகு அல்ல. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூடுதலாக. ஏழரை மணி நேரத்துக்கு நான்கு லிட்டர், அதாவது 4 கிலோ. சுமையைக் குறைக்க வேறு எதையாவது விடுங்கள். தலையில் மாட்டும் டார்ச், பகல் நடை என்றாலும், பையில் இருக்கட்டும்.

கேள்வி: உச்சியில் மூடுபனி சூழ்ந்துவிட்டால்?

பதில்: எந்தப் பக்கம் வந்தோம் என்பதுதான் முதலில் மறந்துபோகும். அதனால் உச்சியைத் தொட்டதும், வானம் தெளிவாக இருக்கும்போதே, இறங்கும் திசையைத் திசைகாட்டியில் குறித்துவிடுங்கள். அப்போது செல்போனைத் தள்ளி வையுங்கள், அதன் காந்தம் முள்ளை இழுக்கும். 10 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 175 மீட்டர் விலகிவிடுவீர்கள். ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுப்பது நல்ல பழக்கம். இறங்கும்போது பாதை வேறு முகம் காட்டும்.

வழி தவறினால் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள், அது அருவி விளிம்பில் கொண்டுபோய் விடும். கடைசியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் அங்கேயே நின்று விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று கேட்டால் யாரோ கேட்டுவிட்டார்கள். அவர்கள் வந்து சேரும்வரை ஊதுவதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: இறங்கிய மறுநாள் கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடுகிறது. ஷூ சின்னதா?

பதில்: இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஷூ கயிறு தளர்ந்திருப்பதுதான் காரணம். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி விரல் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும். உச்சியில் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தட்டி அமர்த்தி, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். நகத்தை நடைக்கு முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள்.