கல்வியியலில் பட்டப்பின் படிப்பு: விண்ணப்பம் போடுமுன்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் படிப்பிக்கிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஆசிரியர் கல்வித் துறையில் நீண்டகாலம் விரிவுரையாளராக இருந்தவர் பதில் சொல்கிறார்.

மிஸ், நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு சர்வதேசப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். டிப்ளோமா செய்யாமல் நேரே எம்.எட். என்ற கல்வி முதுமாணி செய்ய ஏலுமா? (வெள்ளவத்தை)

பொதுவாக ஏலாது, தங்கச்சி. எம்.எட்.டுக்கு பி.எட். என்ற கல்வி இளமாணி அல்லது பட்டப்பின் கல்வி டிப்ளோமா கேட்பார்கள். கல்வி உளவியல், கணிப்பீடு, கற்பித்தற் பயிற்சி எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்ற கணக்கில்தான் எம்.எட். வகுப்பு தொடங்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். முதுமாணி என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. எஸ்.எல்.கியூ.எஃப். என்கிற நம் தகைமைச் சட்டகத்தில் மொத்தம் 12 மட்டங்கள். பட்டப்பின் டிப்ளோமா 8. பாடநெறியை மட்டும் முடித்துப் பெறும் முதுமாணி 9, அதற்கு 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்). ஆய்வும் சேர்ந்தது 10, அதற்கு 60. பின்னால் கலாநிதிப் பட்டம் என்ற ஆசை மனதில் இருந்தால் 10ஆம் மட்டத்துக்கே போங்கள். கட்டணத்தைக் கேட்கும் முன் மட்டத்தைக் கேளுங்கள்.

தமிழ்மொழி மூலம் கொழும்பில் எங்கே படிக்கலாம்? (கொட்டாஞ்சேனை)

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம். மூன்றும் டிப்ளோமாவும் நடத்துகின்றன, எம்.எட்.டும் நடத்துகின்றன. எந்த மொழிமூலத்தில் என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்து உறுதிப்படுத்துங்கள். அக்கா போன வருடம் தமிழில் படித்தார் என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தமிழில் எழுதினாலும் எம்.எட். வாசிப்பில் பெரும்பகுதி ஆங்கிலம்தான். கட்டுரை ஒன்றை அகராதி இல்லாமல் வாசித்து முடிக்க இப்போதே பழகுங்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். "சிறுவயது முதலே ஆசிரியத் தொழிலில் பற்று" என்று தொடங்கியிருக்கிறேன். சரியா? (தெஹிவளை)

தம்பி, அந்த வரியை வெட்டுங்கள். வந்து குவியும் விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும், வாசிக்கிறவர் உங்கள் பெயரைக்கூட மறந்துவிடுவார். உங்கள் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக, தரம் 6 பிள்ளைகள் முக்காலையும் அரையையும் கரும்பலகையில் சரியாகக் கூட்டுகிறார்கள். அதே கணக்கு "அம்மா வாங்கிய சீனியில்" என்று வசனமாக வந்தால் பேனையை வைத்துவிடுகிறார்கள். பிரச்சினை பின்னத்திலா, வாசிப்பிலா? நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், எது சரிவரவில்லை, எதைப் படித்தால் விளங்கும் என்று நினைக்கிறீர்கள்? இதை எழுதினால் ஒரு பக்கம் போதாமல் போகும். ஆய்வு முன்மொழிவு கேட்டாலும் இதே விதைதான். ஆனால் "கொழும்பு மாவட்டப் பாடசாலைகளில் கணித அடைவு" என்று தலைப்பை ஊதிப் பெருப்பிக்க வேண்டாம். இரண்டு பாடசாலை, ஒரு தரம், ஒரு கேள்வி. அதை முடிப்பதே பெரிய காரியம்.

விருதுப் பட்டியலுக்குச் சுயவிபரக் கோவை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய ஆள் ஒருவரிடம் வாங்கட்டுமா?

உங்களைத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். உங்கள் பாடத்தை வந்து பார்த்த பகுதித் தலைவர், முகம் தெரியாத பணிப்பாளரைவிட நல்லவர்.

லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் பி.ஜி.சி.இ. என்ற பட்டப்பின் கல்விச் சான்றிதழை ஒன்லைனில் செய்தால் அங்கே ஆசிரியர் ஆகலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். (பம்பலப்பிட்டி)

அவசரப்பட வேண்டாம். பி.ஜி.சி.இ. ஒரு கல்வித் தகைமை. இங்கிலாந்தில் அரச பாடசாலைகள் பொதுவாக எதிர்பார்ப்பது கியூ.டி.எஸ்., அதாவது தகைமைபெற்ற ஆசிரியர் என்ற தகுதிநிலை. அது வேறு. வெளிநாட்டவருக்கு ஒன்லைனில் நடத்தும் பி.ஜி.சி.இ.யோடு அது பெரும்பாலும் வராது. முகவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நல்ல பக்கமும் உண்டு: பல பி.ஜி.சி.இ.களில் முதுமாணித் தரத்தில் 60 புள்ளிகள் கிடைக்கும், அங்கே முழு முதுமாணிக்கு 180. அவர்களின் 60ஐ நம் 60 என்று நினைத்துவிடாதீர்கள், கணக்கிடும் முறை வேறு.

இங்கே அரச சேவையில் காட்டப் போகிறீர்கள் என்றால், வார்ட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இந்தியா போக நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: 2014 ஒழுங்குவிதிகளோடு அங்கே எம்.எட். இரண்டு வருடமானது, இப்போது எத்தனை வருடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை அதிபர் ஊடாக அனுப்பச் சொல்கிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் தேங்கினால்? (வத்தளை)

தேங்கும். அதனால் அறிவித்தல் வந்த வாரமே அதிபரிடம் கொடுத்து, திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதியை, அதிபர் ஊடாக மூலப்பிரதி வருகிறது என்று எழுதி, நேரடியாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

48 வயதில் எம்.எட். தேவையா?

கேட்கத் தோன்றினால் தேவைதான். சம்பளப் படிக்காக மட்டும் என்றால், ஓய்வுக்கு எத்தனை வருடம் மிச்சம் என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர், அடையாள அட்டையில் கணவரின் பெயர், பிறப்புச் சான்றிதழில் எழுத்தே வேறு. (மருதானை)

நம்மவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. மூன்று வடிவமும் ஒரே ஆளைக் குறிப்பன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள், திருமணச் சான்றிதழின் பிரதியையும் இணையுங்கள். விண்ணப்பப் படிவத்தில் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். புதிய பட்டத்திலும் அந்தப் பெயர்தான் வரும்.